அவரவர் தூக்குப்போசி

எனக்கு வாய் நீளம். இதை நானாகச் சொல்லவில்லை, கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் மாமியார் சொல்லிவிட்டார். அந்த வாயை நம்பித்தான் 2001-ல் என்னை எங்கள் ஊருக்குச் சுகாதாரத் தொண்டராகப் போட்டார்கள். எட்டாவது படித்திருந்ததும் ஒரு காரணம். ஆனால் எட்டாவது படித்த பெண்கள் ஊரில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். நாலு பேர் நடுவில் நின்று பேசச் சொன்னால் முந்தானையைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். நான் பேசச் சொல்லாவிட்டாலும் பேசுவேன்.

மலைமேல் செம்மேட்டில் மூன்று நாள் பயிற்சி நடந்தது. சேந்தமங்கலத்திலிருந்து நஜிமா என்ற பெண் வந்து பாடம் எடுத்தார். மிளகு வியாபாரி வீட்டுப் பெண், ஆனால் வியாபாரி வீட்டு மிடுக்கு கொஞ்சமும் கிடையாது. எயிட்ஸ் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்று பெரிய படப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிச் சொன்னார். தொட்டால் வராது, கொசு கடித்தால் வராது, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டால் வராது. முடிந்ததும் அதே மாதிரிப் புத்தகம் ஒன்றை என் கையில் கொடுத்து அனுப்பினார்.

அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கள் மலையின் குண்டூர் நாட்டில் நான் ஏறாத மேடு இல்லை. ஏழாவது படத்தில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தப் படம் வந்ததும் என் குரல் ஒரு படி ஏறிவிடும். “பாத்துக்கங்க, ஒரே சட்டிச் சோறு, ஒண்ணும் ஆகாது” என்பேன். கேட்டவர்கள் தலையாட்டுவார்கள். அப்போது எங்கள் மலையில் யாருக்கு அந்த நோய் என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது. ஆகவே சொல்வதும் சுலபமாக இருந்தது, தலையாட்டுவதும் சுலபமாக இருந்தது.

அடுத்த வருஷம் மாசியில் இளங்கோ செத்துப் போனான். நாமக்கல் லாரியில் கிளீனராகப் போய் டிரைவரானவன், எங்கள் வீட்டுக்கு மேலே நாலாவது வீடு. மலைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்தான். உடம்பைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, யாரும் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தனுப்பினார்கள். அந்தத் தாளைப் பார்த்ததுமே ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் பெண்டாட்டி கோகிலாவையும் மூன்று வயது மகளையும் நஜிமா கூட்டிக்கொண்டு போய் ரத்தப் பரிசோதனை செய்ய வைத்தார். குழந்தைக்கு இல்லை. கோகிலாவுக்கு இருந்தது. அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயது.

எங்கள் ஊர்க்காரர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் அவளைத் திட்டவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் வழிவிட்டார்கள், கொஞ்சம் அதிகமாகவே வழிவிட்டார்கள். ஆனால் வேலைக்குக் கூப்பிடவில்லை. எங்களுக்குள் கூலி ஆள் வைக்கிற பழக்கம் குறைவு, எல்லாம் மாத்தாள்தான். இன்றைக்கு என் காட்டில் பன்னிரண்டு பேர் வந்து களையெடுத்தால், அந்தப் பன்னிரண்டு பேர் காட்டுக்கும் நான் ஒவ்வொரு நாள் போக வேண்டும். அன்றைக்கு யார் காடோ அவர்கள் வீட்டில்தான் எல்லாருக்கும் மத்தியானச் சோறு. அந்தச் சோற்றைத் தின்றால்தான் மாத்தாள் சேரும். தின்னாமல் வேலை செய்துவிட்டுப் போனால் அது சும்மா செய்த உதவி. அதற்குப் பதில் போவதும் கிடையாது, அந்த வீட்டைத் திரும்பக் கூப்பிடுவதும் கிடையாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் மலையில் பிறந்த எல்லாருக்கும் தெரியும்.

ஆடி பிறந்தது. ஊரில் எல்லார் சாமைக்காட்டிலும் களை ஏறி நின்றது. கோகிலாவின் காட்டில் சாமையைத் தேட வேண்டியிருந்தது. அவள் ஒற்றை ஆளாக விடியற்காலையிலிருந்து குந்திக் குந்திக் களைக்கொத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நாளில் ஒரு மூலை கூட முடியவில்லை. காய்ச்சல் வந்து நாலாம் நாள் படுத்துக்கொண்டாள். அவள் கொழுந்தன் அண்ணாமலை வரப்பில் நின்று, இந்த வருஷம் காடு தரிசாய்ப் போனால் வரும் வருஷம் நானே ஓட்டிக்கொள்கிறேன் என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனான். காடு போனால் அவளுக்கு மலையில் வேலை இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராசிபுரம் பக்கம் ஏதாவது மில்லுக்குப் போக வேண்டியதுதான். அங்கே எத்தனை நாள் தாங்குவாள் என்று அவளுக்கே தெரியும்.

நான் கிளம்பினேன். தொண்டர் என்று பேர் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கேட்டால் நஜிமாவுக்கு என்ன பதில் சொல்வது? இரண்டு நாள் வீடு வீடாக ஏறி இறங்கினேன். கெஞ்சினேன், அதட்டினேன், சிலரிடம் சாமி பேரைச் சொன்னேன். கடைசியில் பாவாயி வீட்டுக்குப் போனேன். களையெடுப்பில் முன்வரிசை பிடிப்பவர் அவர்தான். அவர் வந்தால் மற்றவர்கள் வருவார்கள்.

பாவாயி மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, வருவதில் தனக்கு ஒன்றுமில்லை என்றார். பிறகு கையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் பெருமாயி. அவ ஊட்டுச் சோறு திங்கலாமா? நீ படிச்சுட்டு வந்தவ. நீ சொன்னாச் சரி.”

இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியாது. ஏழாவது படத்துக்கு நான் எத்தனை ஊரில் தொண்டை கட்டக் கத்தியிருப்பேன்! ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் எனக்கு என் ஈறு ஞாபகத்துக்கு வந்தது. அன்று காலையில் பல் விளக்கும்போது ரத்தம் வந்திருந்தது. ரத்தத்தோடு ரத்தம் சேர்ந்தால் பரவும் என்றும் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். கோகிலா வெங்காயம் அரியும்போது கையை வெட்டிக்கொண்டால்? அது குழம்பில் விழுந்தால்? கொதிக்கிற குழம்பில் ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்த புத்திதான் இப்படியும் கேட்டது. ஒன்றுமே படிக்காதவளுக்கு இவ்வளவு தூரம் யோசிக்கத் தெரிந்திருக்காது.

“திங்கலாமுங்க அக்கா, ஒண்ணும் ஆகாது” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா எதுக்கு வம்பு. அவங்கவங்க போசியில சோறு கொண்டாந்துருங்க. அவளுக்கும் ஒடம்பு முடியல, பன்னண்டு பேருக்கு ஆக்கோணுமில்ல” என்று சேர்த்துக்கொண்டேன்.

பாவாயி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப மிளகைப் பரப்பினார். சரி என்றார். மற்ற வீடுகளுக்கும் திரும்பப் போய் அதையே சொன்னேன். சாப்பிட வேண்டாம் என்றால்தான் வருவார்கள், வராமல் காடு போவதைவிட வந்து காடு பிழைப்பது மேல் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டேன். வீட்டில் என் புருஷன் சின்னுசாமி மட்டும், “அப்ப மாத்தாள் சேராதே?” என்றார். ஆம்பிளைகளுக்கு என்ன தெரியும் என்று வாயை அடைத்தேன். கோகிலாவிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. ஆள் வருகிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். காய்ச்சல் சூடு என் கையில் ஏறியது.

அந்த நாள் வந்தது. என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள், பாவாயி முன்னால். வெயில் ஏறுவதற்குள் பாதிக் காடு முடிந்துவிட்டது. பேச்சும் சிரிப்புமாக நன்றாகத்தான் இருந்தது. நான் இந்த வரிசைக்கும் அந்த வரிசைக்கும் ஓடி ஓடிச் சத்தம் போட்டேன். என்னால்தான் இது நடக்கிறது என்ற பெருமை எனக்குத் தலைக்கு மேலே இருந்தது, மறைப்பானேன்.

உச்சி வெயிலுக்குக் கோகிலா வீட்டிலிருந்து வந்தாள். தலையில் ஒரு குண்டா, இடுப்பில் ஒரு சட்டி. பலாமரத்தடியில் இறக்கி வைத்தாள். சாமைச் சோறு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, கோழிக்கறி. முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியை அடித்திருக்கிறாள். நாங்கள் கை கழுவப் போன நேரத்தில் பன்னிரண்டு வாழை இலையைத் துடைத்து வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் காற்றில் பறக்காமல் ஒரு கல்லை வைத்திருந்தாள்.

பெண்கள் திரும்பி வந்தார்கள். இலைகளைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், அது எனக்கு இன்றும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் என் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வேலியோரம் போய் உட்கார்ந்தேன். அதன் பிறகு அவர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் போசியை எடுத்தார்கள்.

“கோகிலா, உனக்கு எதுக்கு செரமம்னு நாங்களே கொண்டாந்துட்டோம்” என்று அங்கிருந்தே சொன்னேன். என் குரல் சிரிப்பது போல இருந்தது.

அவள் கையில் கரண்டி இருந்தது, அதைக் குண்டாவுக்குள் திரும்ப வைத்து மூடினாள். கற்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். இலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்தில் கட்டியிருந்த மாட்டுக்குப் போட்டுவிட்டு வந்தாள். பிறகு குண்டாவைத் தலையில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். இறங்கி வந்ததைவிடக் கனமாக இருந்திருக்க முடியாது, அதே சோறுதான். ஆனால் ஏற்றத்தில் இரண்டு முறை நின்று நின்று போனாள். நான் உருண்டை பிடித்த களியை முழுங்கினேன். எனக்குள் ஒரு நிம்மதி இருந்தது. சாப்பிட வேண்டியதில்லாமல் போனதே என்ற நிம்மதி. அதை அப்போதே நான் கண்டுகொண்டேன். ஊர் பயப்படும் என்று நான் சொன்னதெல்லாம் பூசி மெழுகியது, பயந்தவள் நான் என்று வேலியோரத்தில் உட்கார்ந்து களி முழுங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் காடு சுத்தமாகிவிட்டது. சாமை தப்பித்தது. மறுநாள் முதல் மற்றவர்கள் காட்டில் மாத்தாள் சுற்று தொடங்கியது. கோகிலாவை யாரும் கூப்பிடவில்லை. அவள் சோற்றை யாரும் தின்னவில்லையே, எந்தக் கணக்கில் கூப்பிடுவது?

அந்த மாதக் கூட்டம் செம்மேட்டில் நடந்தது. மலையில் தொண்டர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள், நோய் உள்ளவர்களும் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். கோகிலா பின்வரிசையில் இருந்தாள். நஜிமா என்னை எழுப்பி நிறுத்தி, ஒரு ஊரே சேர்ந்து ஒருத்தியின் காட்டைக் காப்பாற்றியிருக்கிறது, மற்ற ஊர்களும் இதைப் பார்க்க வேண்டும் என்றார். கை தட்டினார்கள். பிறகு, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டீர்களா என்று ஆசையாகக் கேட்டார்.

“சாப்பிட்டோமுங்க மேடம்” என்றேன்.

நஜிமா சந்தோஷமாகக் கோகிலாவைத் திரும்பிப் பார்த்தார். கோகிலா, ஆமாங்க என்று தலையாட்டினாள். எனக்காக அவள் பொய் சொன்னாள். திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு இரண்டு சீட் முன்னால் உட்கார்ந்து வந்தாள். அவள் எழுந்து வந்து என்னை நாலு கேள்வி நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டுவிட மாட்டாளா என்று வழியெல்லாம் ஏங்கினேன். ஊர் வந்ததும் இறங்கிப் போய்விட்டாள். எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை.

சுற்றில் கடைசியாக என் காட்டு முறை வந்தது. நான் கோகிலாவைக் கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு முகம் இல்லை. ஆனால் நான் காட்டுக்குப் போனபோது அவள் எனக்கு முன்னாலேயே வந்து, ஓரத்து வரிசையில் உட்கார்ந்து களைக்கொத்தைப் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தூக்குப்போசி இருந்தது. நானும் குனிந்து அடுத்த வரிசையைப் பிடித்தேன். மற்றவர்களும் வந்து பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார்கள். அன்று என் காட்டில் சிரிப்புச் சத்தமே கேட்கவில்லை.

மத்தியானம் நான் சோறு கொண்டுவந்து இலை போட்டேன். எனக்கும் கோகிலாவுக்கும் சேர்த்துப் பதிமூன்று இலை. கோகிலா தன் போசியை எடுத்துக்கொண்டு தனியாகப் போய், சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தாள். நான் அவளைக் கூப்பிடலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருக்கும்போதே பாவாயி கூப்பிட்டுவிட்டார்.

“ஏன் கண்ணு, அங்க போயி உக்காந்துட்டே? இங்க வா.”

கோகிலா எழுந்து நின்றாள். குரலில் கோபமே இல்லை.

“இல்லீங்க. அன்னிக்கு நீங்க யாரும் என்ர ஊட்டுச் சோத்தத் திங்கலீங்க. அப்ப அது மாத்தாள் இல்லீங்களே, தர்மமுங்க. எனக்குத் தர்மம் வேண்டாமுங்க. பன்னண்டு பேரு ஆளுக்கு ஒரு நாள் குடுத்தீங்க, நானும் ஆளுக்கு ஒரு நாள் வந்து செஞ்சு குடுத்துடறேன். இன்னிக்கு அக்கா காடு. நாளைக்கு யாரு காட்டுல வேலை இருக்குதோ அங்க வாரேன்.”

காய்ச்சல் விட்டு முழுதாகப் பத்து நாள் ஆகியிருக்காது. பன்னிரண்டு நாள் குந்தி வேலை செய்தால் அவள் உடம்பு என்ன ஆகும் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் இலையில் கை வைக்கவில்லை. பாவாயி என் பக்கம் திரும்பினார்.

“நாங்க திங்கறதுக்குத்தான் வந்தோம் பெருமாயி. நீ திங்கலாம்னு சொன்னாப் போதும்னுதான் உன்கிட்டக் கேட்டேன். ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னே, அதே வாயில எதுக்கு வம்புன்னும் சொன்னே. படிச்சவளே திங்க மாட்டேங்கறா, நமக்குச் சொல்லாம என்னமோ மறைக்கிறான்னு நெனச்சுட்டோம். அன்னிக்கு இலையப் பாத்துட்டு உன்னைத்தான் பாத்தோம். நீ வேலியோரம் போயிட்டே.”

எத்தனையோ சொல்லலாம் என்று நாக்கு நுனியில் வந்தது. அவளுக்கு உடம்பு முடியவில்லை என்றுதான் சொன்னேன், ஊர் பயப்படுமே என்றுதான் செய்தேன் என்று. அதையெல்லாம் விழுங்கிவிட்டேன்.

“எனக்குத்தான் பயமா இருந்துச்சுங்க அக்கா” என்றேன். “அந்த நோவு ஒண்ணா தின்னா வராதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் பயந்தேன். பழிய உங்க மேல போட்டுட்டேன்.”

பாவாயி என்னைத் திட்டவில்லை. எழுந்து நேராகச் சில்வர் ஓக் மரத்தடிக்குப் போய், கோகிலாவின் பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டினார். கோகிலா முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு போசியைத் திறந்து ஒரு பிடி களியை எடுத்து அவர் கையில் வைத்தாள். பாவாயி வாயில் போட்டுக்கொண்டு, உப்புப் பத்தவில்லை என்றார். மாதம்மாள் எழுந்து போனாள். பிறகு சென்னம்மாள். பிறகு வரிசையாக எல்லாரும் போய் அந்தச் சின்னப் போசியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு கோலிக்குண்டு அளவுதான் கிடைத்திருக்கும். கோகிலா அழுதுகொண்டே கிள்ளிக் கிள்ளி வைத்தாள். யாரோ அவளுக்கு மூக்கைத் துடைத்துவிட்டார்கள்.

நானும் போயிருக்க வேண்டும். உண்மையைச் சொன்ன பிறகும் என் கால் எழவில்லை. பயமா, வெட்கமா என்று இன்று கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு பதிமூன்று வெற்று இலைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு பாவாயி எல்லாரையும் கிளப்பிக்கொண்டு வந்து நான் போட்ட இலைகளுக்கு முன்னால் உட்கார வைத்தார். கோகிலாவைத் தன் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார். நாளை மறுநாள் மாதம்மாள் காட்டில் இரண்டாம் களை, நீயும் வந்துவிடு, ஆனால் நிழலில் உட்கார்ந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள், அதுவும் ஒரு ஆள் கணக்குத்தான் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பரிமாறினேன். கோகிலாவின் இலைக்கு வந்தபோது அவள் நிமிர்ந்து, போடுங்க அக்கா என்றாள். என் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள்.

எல்லாரும் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனார்கள். நான் அப்போதுதான் அந்தப் போசி இருந்த இடத்துக்குப் போனேன். கோகிலா அதைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒரு வாய் குடு கோகிலா.”

அவள் போசியைச் சாய்த்து எனக்குக் காட்டினாள்.

“தீந்து போச்சுங்களே அக்கா” என்றாள். சொல்லிவிட்டு, எனக்காக நிஜமாகவே வருத்தப்பட்டு, அடியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று விரலை விட்டு வழித்துப் பார்த்தாள்.